நிழலுக்கு நான்கு நிமிடம்

வேகமான டெவலப்பர் ஒன்று இருக்கிறது.
துறைமுகத்து சோடியம் விளக்கை
அவித்த முட்டையின் வெள்ளையாக்கிவிட்டு
கீழே நிற்பவன் முகத்தை
அப்படியே கரியில் விட்டுவிடும்.

இன்னொன்று, சில துளிகளை நீரில் கலந்து
ஒரு மணி நேரம் ஆட்டாமல் அசைக்காமல் வைப்பது.
கூர்மைக்கு அதைத்தான் சொல்வார்கள்.
எனக்கு அது
தேவனாம்பட்டினத்து மணலை
வானம் முழுக்க வாரி இறைத்துத் தந்தது.
கழுவிப் பார்த்தேன்.
போகிற மணல் இல்லை.

மீட்டர் எட்டு நொடி என்றால்
இருட்டில் பதினைந்து எண்ண வேண்டும்.
ராத்திரியில் ஃபிலிமும் தூங்கி வழிகிறது.

ஆகவே இந்த மே மாதம் இரண்டு குளியல்.
முதல் பாத்திரத்தில் மெட்டால், சல்ஃபைட்.
அடுத்ததில் வெறும் போராக்ஸ்,
கேரம் பலகையில் தூவும் மாவுக்கு
ஒன்றுவிட்ட உறவு.
முதலில் குடித்ததை மட்டும் வயிற்றில் வைத்துக்கொண்டு
ஃபிலிம் இரண்டாவதில் இறங்கும்.
வெளிச்சம் பட்ட இடம்
இருப்பதை ஒரே மூச்சில் தின்று தீர்த்து
ஏப்பம் விட்டு உட்கார்ந்துவிடும்.
இருட்டு பட்ட இடமோ
கொறித்துக் கொறித்துக்
கடைசி நிமிடம்வரை வேலை பார்க்கும்.
சிப்காட்டில் எட்டு மணி நேரம்
அமிலங்களுக்குக் கணக்கு எழுதுகிறவள் நான்.
எந்த ரசாயனத்தின்மேலும் பிரியம் வைத்ததில்லை.
இதன்மேல் வைத்தேன்.

மஞ்சக்குப்பத்துக் குழாய்த் தண்ணீர்
முப்பத்திரண்டு டிகிரி.
முதுநகர் ஐஸ் பேக்டரியில் தவமுருகன்
உடைந்த கட்டி ஒன்றைச் சாக்கில் சுற்றித் தருவான்.
காசு வேணாம், ஒரு போட்டோ போதும் என்பான்.
லாரிக்கும் படகுக்கும் நடுவே
தோளில் ஐஸோடு அவன் நடந்ததைத்தான்
சனிக்கிழமை இரவு எடுத்தேன்.
பதினைந்து நொடி.

குளியலறைக் கதவின் அடியில் பழைய போர்வை.
பக்கத்து போர்ஷனில் சீரியல்.
முதல் குளியல், நான்கு நிமிடம்.
நடுவில் கழுவக்கூடாது,
மறந்து கழுவினால் எல்லாம் போச்சு.
இரண்டாம் குளியல், நான்கு நிமிடம்.
ஐஸ் உருகிய பக்கெட்டில்
ஒரு மீன் செதில் மிதந்தது.

இருபத்துமூன்றாவது சட்டம்.
கறுப்பை வெள்ளையாக மனசுக்குள் திருப்பிப் படிக்க
பழகிவிட்டது.
விளக்கு விளக்காகவே இருந்தது,
சுற்றிய பூச்சிகளின் கோடுகளோடு.
தவமுருகன் இல்லை.
நடந்தவர்கள் எல்லோரும் கரைந்துபோயிருந்தார்கள்.
வலைக்குவியலுக்குப் பின்னால்
கரியாகவே நிற்குமென்று நான் விட்டிருந்த மூலையில்
ஒரு பெண்.
முழங்காலைக் கட்டிக்கொண்டு,
ஒற்றைக் காலில் மட்டும் செருப்பு.

எடுக்கும்போது அங்கே யாரும் இல்லை.
இல்லை, நான் பார்க்கவில்லை.
மூக்குத்தி முனைவரை கூர்மை.
அப்படியென்றால் பதினைந்து நொடியும்
அவள் அசையவில்லை.
லென்ஸையே பார்த்துக்கொண்டு.
ஒளிந்திருப்பவள் அப்படித்தான் உட்கார்வாள்.
படத்துக்கென்று உட்கார்ந்தவளும்
அப்படித்தான்.

அச்சிடும்போது
அந்த மூலைக்கு மட்டும்
இன்னும் முப்பது நொடி ஒளி விட்டேன்,
அட்டையில் ஓட்டை வெட்டி,
கை நடுங்காமல்.
காகிதம் அவளை
மறுபடியும் கரியாக்கிக்கொண்டது.

திங்கட்கிழமை ஷிப்டு முடிந்து ஐஸுக்குப் போனேன்.
எங்க நானு, என்றான் தவமுருகன்.
இதோ இந்தப் புகை, என்றேன்.
சிரித்தான்.
ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு
படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
இந்த மூல ஏன் இவ்ளோ கறுப்பு?
இருட்டு, என்றேன்.

இல்லியே, என்றான்.
அங்க கொட்டாய் பல்பு வெளிச்சம்
கொஞ்சம் விழுமே.